வல்வில் ஓரியும் கைக்கணினி வேட்டையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

‘விளையாட்டு வினையாகும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. கைபேசியும் கையுமாக இருக்கும் மாணவனைக் கண்டால் பெற்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பழமொழிதான். ஆடுகிறவனோ, ‘இது என் பொழுதுபோக்கு, இதனால் யாருக்கு என்ன கேடு?’ என்று கேட்கிறான். இரு சாராருமே எல்லா ஆட்டங்களையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். நெல்லையும் பதரையும் சேர்த்துக் கட்டிய மூட்டை அது. அதை அவிழ்த்துச் சற்றே தூற்றிப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு இது தக்க தருணமும்கூட. 2025 மார்ச்சில் வெளியான தமிழக அரசின் நிதிநிலை அறிக்கை, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. முதன்முதலாக ஒரு பட்டதாரியை எதிர்நோக்கியிருக்கும் வீடுகள் நம்மில் பலருடையவை. என் வீடும் அப்படிப்பட்டதே. அத்தகைய வீட்டில் கணினி வெறும் கருவியன்று, குடும்பத்தின் நம்பிக்கை. அதில் மகன் ஆட்டம் ஆடுவதைக் காணும் தந்தையின் மனம் பதைப்பது இயல்பே. ஆனால் ‘ஆடுகிறானா?’ என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. ‘என்ன ஆடுகிறான்? அந்த ஆட்டம் அவனிடம் எதைக் கேட்கிறது?’ என்றும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

எங்கள் ஊர் கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலை. இம்மலையை ஆண்டவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி. அவனுடைய வேட்டைத் திறனை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடியுள்ளார். யானை, புலி, மான், பன்றி, புற்றிலிருந்த உடும்பு ஆகிய ஐந்தையும் அவன் எய்த ஒரே அம்பு தைத்ததாம். புலவரின் கற்பனை என்று இதை நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தக் கற்பனைக்குள்ளும் ஓர் உண்மை இருக்கிறது. ஐந்து விலங்குகளும் ஒரே நேர்கோட்டில் அமையும் கணம் வரும்வரை நாணை விடாமல் காத்திருந்த ஒரு கண் அங்கே இருக்கிறது. வில்லின் வலிமையைவிட அந்தக் காத்திருப்பே பெரிது என்பேன்.

இத்தகைய காத்திருப்பை நான் மீண்டும் கண்டது, வியப்பாக இருக்கலாம், ஒரு கைக்கணினியில்தான். ஜப்பானின் ஒசாகா நகரத்து காப்காம் நிறுவனம் 2004இல் ‘மான்ஸ்டர் ஹன்டர்’ என்ற வேட்டை ஆட்டத்தை வெளியிட்டது. பூதாகரமான விலங்குகளைத் தேடிச் சென்று வீழ்த்துவதே அதன் பொருள். அந்த வரிசையில் பின்னர் வந்த ‘மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரீடம் யுனைட்’ 2014இல் ஐபேடில் ஆடும்படியும் வெளிவந்தது. உறவினர் ஒருவர் எனக்குத் தந்த பழைய ஐபேடில் அந்த ஆட்டமும் இருந்தது.

மற்ற பல ஆட்டங்களில் ஆட ஆட வீரனின் வலிமை தானாகவே ஏறிக்கொண்டு போகும். இதில் அப்படியில்லை. வாளும் கவசமும் மாறலாம். அவற்றையும் பெரும்பாலும் வீழ்த்திய விலங்கின் எலும்பு, தோல், செதில் ஆகியவற்றைக் கொண்டு செய்துகொள்ள வேண்டும். மற்றபடி தேற வேண்டியவன் திரையில் நிற்கும் வேடன் அல்லன். வெளியே அமர்ந்து ஆடுகிறவனே. எதிரே நிற்கும் விலங்குக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிஞ்சியிருக்கிறது என்பதைத் திரை காட்டுவதில்லை. அது நொண்டுகிறதா, உறங்குவதற்குத் தன் இருப்பிடம் நோக்கிப் போகிறதா என்று நாமே பார்த்து அறிய வேண்டும். வாள் மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். இடமும் நேரமும் அறியாமல் தீட்டினால் அடி நம்மேல் விழும். பெரும்பாலான வேட்டைகளுக்குக் கெடு 50 நிமிடம். மூன்று முறை வீழ்ந்தால் வேட்டை தோல்வி. நால்வர் சேர்ந்து ஆடினாலும் அந்த மூன்று வீழ்ச்சிகளும் நால்வருக்கும் பொது. ஒருவனின் அவசரம் மற்ற மூவரின் உழைப்பையும் அழித்துவிடும். ஹாஸ்டல் அறையில் நால்வராக வாழும் நமக்கு இந்தப் பாடம் புதிதா என்ன?

என் தாத்தா பள்ளிக்கூடத்தின் படி ஏறாதவர். மரவள்ளிக் கொல்லையில் பரண் கட்டிக் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தவர். இந்த ஆட்டத்தில் வரும் ‘புல்ட்ரோம்’ என்னும் பெரும் பன்றியோடு நான் போராடிக்கொண்டிருந்ததை ஒருநாள் மாலை அருகில் அமர்ந்து பார்த்தார். “கண்ணு, முன்னங்காலால மண்ணைப் பறிக்குது பாரு. இனி நேரா பாஞ்சு வரும். பின்னால ஓடாத, பக்கத்துல ஒதுங்கு” என்றார். ஒதுங்கினேன். பன்றி நேரே ஓடிப் போயிற்று. “அது நின்னு திரும்பக் கொஞ்ச நேரம் ஆகும். இப்பப் போ” என்றார். திரையில் இருந்த ஆங்கில எழுத்துகள் எனக்குத் தெரிந்திருந்தன. பன்றியை அவருக்குத் தெரிந்திருந்தது.

விலங்கியல் படிக்கும் எனக்கு அன்று ஒன்று புலனாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டில் வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. காடு பிழைக்க அத்தடை வேண்டும். ஆனால் வேட்டை ஒழிந்ததோடு வேடனின் கூர்ந்த பார்வையும் ஒழிந்துபோக வேண்டியதில்லை. தடம் காண்பதும், காற்றின் திசை அறிவதும், விலங்கின் அசைவைக் கொண்டு அதன் எண்ணத்தை உணர்வதும் ஆராய்ச்சி மாணவனுக்கும் வேண்டிய கலைகள் அல்லவா? ஓர் ஆட்டம் அந்தப் பார்வையைச் சிறிதளவேனும் கேட்குமானால், அதை வீண் என்று எப்படித் தள்ளுவது?

இனிப் பதரைப் பார்ப்போம். லாட்டரிச் சீட்டு எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைத்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். 2003இல் தமிழக அரசு அதைத் தடை செய்தது. தெருமுனையில் ஒழிந்த சூது பின்னாளில் கைபேசி வழியே வீட்டுக்குள் நுழைந்தது. இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிரான தமிழகச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் இயற்றி, பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை ஒருபுறமும், திறமைப் போட்டியாக நடக்கும் மின்விளையாட்டுகளை மறுபுறமும் பிரித்து வைத்தது. ஆட்டங்கள் எல்லாம் ஒன்றல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

எனினும் சட்டத்தின் கோடு ஒன்றே நமக்குப் போதாது. இலவசமாக வந்து உள்ளே கடை விரிக்கும் ஆட்டங்கள் பல உண்டு. ‘பெட்டியைத் திறந்து பார், என்ன கிடைக்கிறதென்று’ என ஆசை காட்டிக் காசு பறிப்பது அவற்றின் வழக்கம். நான் புகழ்ந்த வரிசையிலேயே 2023 செப்டம்பரில் வந்த ‘மான்ஸ்டர் ஹன்டர் நவ்’ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வேட்டையின் கெடு 75 நொடிதான். உள்ளே காசு கொடுத்து வாங்கும் பொருள்களும் உண்டு. ஒரே குலத்தில் பிறந்தவர்க்கும் குணம் ஒன்றாக இருப்பதில்லை. எனவே பெயரைப் பார்த்து மதிப்பிடாமல் ஒவ்வோர் ஆட்டத்தையும் தனித்தனியே எடை போட வேண்டும்.

நான் புகழும் ஆட்டமும் குறையற்றதன்று. அரிய பொருள் ஒன்றைப் பெற ஒரே விலங்கைப் பத்து முறை வீழ்த்த நேரலாம். அப்போதும் அது கிடைப்பது அதிர்ஷ்டத்தின் கையில். ‘அடுத்த சீட்டில் விழும்’ என்ற பழைய லாட்டரிக் குரல் அங்கேயும் மெல்லக் கேட்கிறது. அங்கே பணம் போயிற்று. இங்கே இரவு போகிறது. 50 நிமிடம் வீதம் பத்து வேட்டை என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். பருவத் தேர்வை வைத்துக்கொண்டு அந்த எட்டு மணி நேரத்தைக் கொடுப்பவன், எவ்வளவு நல்ல ஆட்டத்தை ஆடினாலும் அறிவுடையவன் ஆகமாட்டான்.

ஆகவே, மாணவ நண்பர்களே! ஆடத் தொடங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இந்த ஆட்டம் என் திறமையைக் கேட்கிறதா, என் பணத்தைக் கேட்கிறதா? நேற்றுத் தெரியாத ஒன்று இன்று எனக்குத் தெரிந்திருக்கிறதா? எழுந்து போக நினைத்தால் என்னால் எழ முடிகிறதா?

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணினிகள் வழங்கப்படும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பெற்றோரையும் அழையுங்கள். நல்ல ஆட்டம் ஒன்றையும், காசு பறிக்கும் ஆட்டம் ஒன்றையும் பெரிய திரையில் அவர்களுக்கு ஆடிக் காட்டுவோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதெல்லாம் விளங்குமா என்ற ஐயம் வேண்டா. எது வேட்டை, எது வலை என்று பிரித்தறிய அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.