எரியாத கண்ணையும் காட்டுங்கள்

திண்டுக்கல் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சுகரோடு வாழும் எல்லோருக்கும், அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. இதை எழுதும் நாங்களும் அதே நோயோடு காலம் தள்ளுகிறவர்கள்தான்.

கண் எரிந்தால் வேடசந்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போகிறவர் பஞ்சுத் தூசி என்பார். சின்னாளபட்டித் தறிக்காரர், நூலையே உற்றுப் பார்த்த அசதி என்பார். மெடிக்கலில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வதோடு சரி. தூசியும் அசதியும் உண்மைதான். ஆனால் சுகருக்கும் அதில் பங்கிருக்கலாம். நாள்பட்ட சர்க்கரை கருவிழியின் மெல்லிய நரம்புகளைக் கெடுக்கும். உணர்ச்சி குறையக் குறைய, கண்ணீர் சுரப்பதும் குறைந்து கண் வறண்டுபோகும். நரம்பு ரொம்ப மரத்துப்போனவருக்கு உறுத்தல்கூடத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியவரும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும் மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், நாள்கணக்கில் விடும்போது கண்ணின் அழுத்தம் ஏறிவிடும் ஆபத்தும் உண்டு.

இதையாவது எரிச்சல் வந்து சொல்கிறது. நாம் ‘கண் நரம்பு’ என்று சொல்கிற விழித்திரையின் கேடு வாயே திறக்காது. அங்கே நுண்ணிய ரத்தக் குழாய்கள் வலுவிழந்து நீரும் ரத்தமும் கசியும்; வலி இருக்காது, பார்வையும் பல காலம் தெளிவாகவே இருக்கும். மங்கும்போது கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவரை மாற்றிக்கொண்டு வருகிறோம். பவர் பார்க்கும் கருவிக்கு விழித்திரைக் கேடு தெரியாது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்கிறது. சென்னையில் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை நடத்திய ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. நம் தெருவில் எத்தனை வீடுகள் இதில் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் கண் பரிசோதனைக்கு நாம்தான் போயாக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது; அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது. கண்ணின் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்து விட்டுத்தான் உள்ளே பார்ப்பார்கள். அரை நாள் போகும், போகட்டும். பிரியாணிக் கடை வாசலில் காத்து நிற்கத் தெரிந்த ஊர்தானே நம் ஊர்!

ஆரம்பத்திலேயே தெரிந்தால் சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்து, தேவைப்பட்டால் லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ கொடுத்துப் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். முற்றிய பிறகு போனால், இழந்த பார்வை பல சமயம் திரும்புவதில்லை.

ஆகவே, சுகர் என்று தெரிந்த வருடமே ஒருமுறை, பிறகு வருடம் தவறாமல் ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். ஏற்கெனவே சுகர் உள்ள பெண்கள் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே காட்ட வேண்டும். எரிச்சலுக்காகப் போனாலும், “எனக்குச் சுகர் இருக்கு, கண் நரம்பையும் பாருங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பாப்பாவை விரிய வைக்கும் மருந்து விடுவதால் அன்று சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டாமல், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.