கள்ளுக்கு நாக்குதான் முதல் பரிசோதனை

கள் இறக்க அனுமதி கொடுங்கன்னு கேட்டா, ‘கலப்படம் ஆயிடும்’னு ஒரே வரியில வாயை அடைச்சுடறாங்க. பயம் பொய்யில்லை. ஆந்திரா, தெலங்கானா பக்கம் குளோரல் ஹைட்ரேட் கலந்த கள் குடிச்சவங்க ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்காங்க. அதுக்கு ஆய்வகம் வேணும். ஆனா தண்ணியும் சாக்கரினும் கலந்த கள்ளைப் பிடிக்க நாக்கே போதும். அந்த நாக்கைத்தான் நாம தொலைச்சுட்டோம். 1987 ஜனவரி 1-ல் கள்ளுக்கடையை மூடினப்ப இருபது வயசா இருந்தவருக்கு இப்ப அறுபதை ஒட்டின வயசு.

கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரைப் பனையையே எடுத்துக்குங்க. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலேன்னா கள். மரமும் ஒண்ணு, பாளையும் ஒண்ணு. சட்டத்துக்கும் குத்தத்துக்கும் நடுவுல நிக்கிறது ஒரு கை சுண்ணாம்பு! ஈஸ்ட்டுன்னு தனியா எதையும் யாரும் போடறதில்லை. காத்துல, பாளையில, கழுவின கலயத்து ஓரத்துல ஒட்டியிருக்கிற நுண்ணுயிர்களே சாறு சொட்டும்போதே வேலையை ஆரம்பிச்சுடுது.

அதனால கள்ளோட ருசி மணிக்கு மணி மாறும். விடியக்காலை இறக்கினது தித்திப்பு, நாக்கு நுனியில லேசான சுருக்கு. மதியத்துக்குள்ள வெள்ளை நுரை கட்டி, இனிப்பும் புளிப்பும் சரிபாதியா நிக்கும். எனக்கு அதுதான் நல்ல பதம். பாலக்காடு சித்தூர்ல குடிச்ச தென்னங்கள்ளும் அந்த நேரத்துலதான் பிடிச்சது. அந்திக்கு இனிப்பு கரைஞ்சு புளிப்பும் போதையும் ஏறும். மறுநாள் காடிதான். காலையில இருந்த தித்திப்பு சாயங்காலமும் அப்படியே இருந்தா சந்தேகப்படணும்: சர்க்கரையைத் தின்னுற நுண்ணுயிர் சாக்கரினைத் தொடாது. வழவழன்னு நூல் இழுத்தா கலயத்துச் சுத்தத்தைக் கேக்கணும்.

பெல்ஜியத்துல பிரஸ்ஸல்ஸ் சுத்துவட்டாரத்துல லாம்பிக்னு ஒரு பீர். பார்லி, கோதுமைக் கஞ்சியை ராத்திரி திறந்த தொட்டியில ஆறவிட்டு, காத்துல வர்ற ஈஸ்ட்டை நம்பியே புளிக்க வைக்கிறாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு வருஷத்துப் பீப்பாய்களைக் கலந்து பாட்டில்ல அடைச்சா, அதுக்குள்ளேயே மறுபடி நுரைக்கும். அதுக்குக் கூஸ்னு பேரு. குதிரைக் கொட்டகை வாசனை அடிக்கும். அதை ரசிச்சுச் சொல்றாங்க. பழைய முறை கூஸ் என்கிற பேருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தோட பாதுகாப்பும் இருக்கு. நம்ம கள்ளும் இதே சாதிதான், மூணு வருஷம் காத்திருக்கிற பொறுமை மட்டும் அதுக்குக் கிடையாது.

யாழ்ப்பாணத்துல பனங்கள்ளைப் பாட்டில்ல விக்கிறாங்க. பனையேறிகளோட கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கிறது பாராட்டவேண்டியதுதான். ஆனா பாட்டில் வெடிக்காம இருக்கணும்னு சூடு காட்டிடறதால உள்ளே இருக்கிற உயிர் போயிடுது. நுரை இல்லை, காய்ச்சின வாடை மிச்சம். மரத்தடியில குடிச்சவங்க யாரும் இதைக் கள்ளுன்னு ஒத்துக்கமாட்டாங்க.

நாளைக்கு இங்கே தடை நீங்கினா முதல்ல வரப்போறது பனையேறி இல்லை, பாட்டில் கம்பெனி. வருஷம் பூரா ஒரே ருசி வேணும்னு கேப்பாங்க, சாறுக்கு விலையும் அவங்களே வைப்பாங்க. டாஸ்மாக் அலமாரியில நம்ம பனை இன்னொரு சரக்கா நிக்கும். அதனால நம்ம கோரிக்கையில ரெண்டு வரி கூடுதலா வேணும். இறக்கின கள்ளை அன்னிக்கே, அந்த ஊர்லயே பனையேறி விக்க உரிமை வேணும். பாட்டில்ல அடைச்சா, இறக்கின ஊர், தேதி, நேரம், சூடு காட்டினதா இல்லையாங்கிறது லேபிள்ல தமிழ்ல இருக்கணும்.