மாற்றமும் மறைப்பும்

தேர்தலில் நிற்பவரின் அயல்நாட்டுக் கொள்கை மாறினால், நம் ஏடுகளிடம் இரண்டே சொற்கள் உள்ளன. பிடித்தவரென்றால் 'பக்குவம்', பிடிக்காதவரென்றால் 'பச்சோந்தித்தனம்'. இது ஆராய்ச்சியன்று, சோம்பல்.

இலங்கையைப் பாருங்கள். 'இந்திய விரிவாதிக்கம்' என்று தொண்டர்க்கு வகுப்பெடுத்து, 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஆயுதமேந்தி எதிர்த்த கட்சி மக்கள் விடுதலை முன்னணி. அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க, 2024 பிப்ரவரியில் இந்திய அரசின் அழைப்பையேற்றுப் புதுடில்லி வந்தார். செப்டம்பரில், குடியரசுத் தலைவர் தேர்தல் பரப்புரைக் காலத்தில், மன்னாரின் அதானி காற்றாலைத் திட்டத்தை ரத்துச் செய்வேன் என்றார். வென்றபின் முதற்பயணம் டில்லிக்கே. 2025 ஏப்ரலில் இந்தியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று.

மாறியதையே குற்றமென்று நாம் கூறோம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பக்தாதில் சொன்ன தீர்ப்புகள் பலவற்றை மிஸ்ரில் மாற்றினார்கள். கதீம், ஜதீத் என அவ்விரண்டையும் நம் மதரஸாக்களில் இன்றும் ஓதுகிறோம். ஆதாரத்தோடு, அறிவித்து மாற்றியதால் அது கண்ணியமாயிற்று.

வேட்பாளரிடமும் அதையே கேட்கவேண்டும். பழைய சொல் பிழையா? எந்த ஆதாரத்தால் மாறினீர்? அன்று அதை நம்பி உயிர்விட்ட இளைஞர்க்கும், அவர்கள் கையால் மாண்டவர்க்கும் என்ன பதில்?

நாம் வாழும் நெய்வேலியில், மேல்மண்ணை முழுதும் அகற்றாமல் எவரும் நிலக்கரியைக் கண்டதில்லை. மேல்மண்ணைக் கிளறிவிட்டுச் சுரங்கம் வெட்டியதாகப் பெருமை பேசுகின்றன ஏடுகள். வாக்கு ஓர் அமானிதம். அதைக் கொடுப்பவனுக்காகக் காரணம் கேளாத பேனா, அந்த அமானிதத்துக்கு மோசம் செய்கிறது.