ராணுவக் கைத்துப்பாக்கி: நம்பகத்தன்மையை எதைக் கொண்டு அளப்பது?

பெங்களூரு: அரசு ஆலைகளின் வசமிருந்த ராணுவத் துப்பாக்கித் தயாரிப்பில் தனியாரும் கால்பதித்துள்ளனர். பெங்களூருவின் எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ் நிறுவனம் ஸ்னைப்பர் ரைபிள்களைத் தயாரிக்கிறது. போட்டி பெருகும்போது, எந்த ஆயுதம் நம்பகமானது என்பதை எப்படி முடிவு செய்வது என்ற கேள்வி எழுகிறது.

கைத்துப்பாக்கிக்குக் கடமைகள் இரண்டு. விசையை அழுத்தினால் சுட வேண்டும். அழுத்தாதபோது சுடவே கூடாது.

இந்திய ராணுவம் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் 9 மி.மீ. 1ஏ கைத்துப்பாக்கி, ஈஷாப்பூர் ஆலையின் தயாரிப்பு. அதன் மூலவடிவம் 1935-ஆம் ஆண்டின் பிரௌனிங் ஹைபவர். பிரிட்டன் ராணுவம் 2013-இல் பிரௌனிங்கைக் கைவிட்டு கிளாக் 17-ஐத் தேர்ந்தெடுத்தது.

ஆனால், புதியது என்பதாலேயே ஒன்று நம்பகமானதாகிவிடாது. பெரெட்டா எம்9-க்கு மாற்றாக, சிக் சாவர் நிறுவனத்தின் எம்17-ஐ அமெரிக்கா 2017-இல் தேர்வு செய்தது. கீழே விழச் செய்து பார்த்த சோதனையில் அது தானாகவே வெடித்ததால், விசைப் பாகங்கள் மாற்றியமைக்கப்பட்டன. சிறப்புத் தோட்டாக்களைவிட சாதாரணத் தோட்டாக்களில் அது அடிக்கடி தடைபட்டது. துப்பாக்கியோடு தோட்டாவையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதே இதன் பாடம். இக்குறைகளைப் பென்டகனின் சோதனைப் பிரிவே தனது ஆண்டறிக்கையில் வெளியிட்டது.

இந்தியாவிலோ, இன்சாஸ் ரைபிளின் பிளாஸ்டிக் மேகசின்கள் குளிரில் விரிசல் விடுவது 1999 கார்கில் போர்க்களத்தில் வெளிப்பட்டது. குறையைக் கண்டறிய வேண்டிய இடம் சோதனைக்களம்; போர்க்களம் அல்ல. விலையும் உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமையும் மட்டும் போதாது. தூசு, குளிர், வீழ்ச்சி ஆகிய சோதனைகளின் முடிவுகள், ரகசியம் காக்க வேண்டியவை நீங்கலாக, வெளியிடப்பட வேண்டும். ஆயுதத்தை நம்பிக் களமிறங்கும் வீரருக்கு அதுவே முதல் பாதுகாப்பு.