அடியார்களின் உரிமை: சித்தேரி அடிவாரத்தில் தீராத ஒரு கணக்கு

சித்தேரி மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அரூரைச் சுற்றி வாழும் நம் பெரியவர்களுக்கு அதன் பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டும். அவர்களுள் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் அவ்வூருக்குள் நுழைந்தனர். அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். அவர்களை ஓர் ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தனர். பெண்கள் 18 பேரை ஏரிக்கரைக்குக் கொண்டுசென்று சீரழித்தனர். வீடுகளை இடித்தனர், கால்நடைகளைக் கொன்றனர். பெண்களும் குழந்தைகளும் அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைக்கப்பட்டு, பின்னர் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அப்படி எதுவும் நிகழவில்லை என்றுதான் அன்றைய அரசு கூறியது. பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கத்தவரும் நீதிமன்றத்தை நாடிய பிறகு, 1995-இல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கையிலேயே இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதனை 2023 செப்டம்பர் 29 அன்று உறுதி செய்தது. குற்றம் நடந்து 31 ஆண்டுகள் கடந்திருந்தன.

அதே ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் மற்றொரு நீதிமன்றம் மற்றொரு பழைய கணக்கைத் திறந்து பார்த்தது. இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் அங்கே கிளேர்மான்ட் பகுதிப் பள்ளிவாசலின் இமாம். நிறவெறி ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்தவர். 1969 மே மாதம் கைது செய்யப்பட்டு, நான்கு மாதக் காவலுக்குப் பின் செப்டம்பர் 27 அன்று காவலிலேயே உயிர்நீத்தார். படிக்கட்டில் தவறி விழுந்தார் என்று காவல்துறை சொன்னது. 1970-இல் நடந்த விசாரணையும் அக்கூற்றை ஏற்றுக்கொண்டது. அவர் வதைக்கப்பட்டே இறந்தார் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 54 ஆண்டுகள் ஆயின. அவருடைய மனைவியார் 2019-இலேயே காலமாகிவிட்டார்.

இவ்விரு தீர்ப்புகளையும் ஒரே மாத காலத்துக்குள் படித்தபோது, அந்தத் தொலைதூர நாட்டின் ஆப்பிரிக்கானர்களைக் குறித்து நான் மீண்டும் வாசிக்கத் தொடங்கினேன். டச்சுக் குடியேறிகளின் வழிவந்த வெள்ளையர்கள் அவர்கள். கொடுமையை அறியாத மக்களல்லர். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் ஆங்கிலேயர் அமைத்த முகாம்களில் அவர்களுடைய பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 26,000 பேர் மாண்டனர். அந்தத் துயரத்தைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்தனர். ஆயினும் 1948-இல் ஆட்சி அவர்களுடைய தேசியக் கட்சியின் கைக்கு வந்ததும், மனிதரை நிறவாரியாகப் பதிவு செய்யவும், இன்ன நிறத்தார் இன்ன தெருவில்தான் குடியிருக்கலாம் என்று வரையறுக்கவும் 1950-இல் சட்டங்கள் இயற்றினர். கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி 1966-இல் வெள்ளையர்க்கு உரியதென அறிவிக்கப்பட்டது. முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்ந்த அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ 60,000 பேர் வெளியேற்றப்பட்டனர்.

இதில் நம்மவர் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஆப்பிரிக்கானர்கள் தமக்கே உரியதென்று பெருமை கொண்ட ஆப்பிரிக்கான்ஸ் மொழியை, கேப் பகுதி முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அரபு எழுத்தில் எழுதி மத்ரஸாக்களில் பயின்றனர். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியதைப் போலவே. உஸ்மானிய அரசு அங்கு அனுப்பிய அறிஞர் அபூபக்ர் எஃபெந்தி அம்மொழியில் இயற்றிய ‘பயானுத்தீன்’ 1877-இல் இஸ்தான்புல்லில் அச்சானது. அம்மொழியைப் பேசி வளர்த்தோருள் அடிமைகளும் இருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டோர் அவர்களுள் உண்டு. தனித்து வாழ வேண்டும் என்று சட்டம் எழுதியவர்களின் தாய்மொழியே தனித்து வளர்ந்ததன்று.

நிறவெறி ஆட்சி 1994-இல் முடிந்தது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது. உண்மையை முழுமையாகச் சொன்னவர்க்குப் பொதுமன்னிப்பு என்பது அதன் ஏற்பாடு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். முன்னாள் அதிபர் பி.டபிள்யூ. போத்தா அதன்முன் தோன்றவே மறுத்தார். சட்டம் ஒழுங்கு அமைச்சராக இருந்த அட்ரியான் ஃப்லோக் தோன்றினார். வேறு சில குற்றங்களுக்கு மன்னிப்பும் பெற்றார். அத்துடன் அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் 2006-இல், தம் ஆட்சிக்காலத்தில் உடைகளில் நஞ்சு தடவிக் கொல்ல முயலப்பட்ட ஃபிராங்க் சிக்கானே என்னும் பாதிரியாரைத் தேடிச்சென்று, அவருடைய பாதங்களைக் கழுவினார். இது நாடகம் என்று இகழ்ந்தோர் பலர். அந்தக் கொலை முயற்சி வழக்கில் மறு ஆண்டு அவர் பெற்றதும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனைதான். அந்த இகழ்ச்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் ஒன்றை அவர் விளங்கிக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது: ஆணையம் கொடுத்த காகிதம் சிக்கானேயின் மன்னிப்பு ஆகாது.

இதை நாம் பிறரிடமிருந்து கற்க வேண்டிய நிலை இருக்கக்கூடாது. அல்லாஹ்வின் உரிமை வேறு, அடியார்களின் உரிமை வேறு என்று மக்தபிலேயே நமக்குச் சொல்லித் தந்தார்கள். தொழுகையில் நேர்ந்த குறைக்கு அல்லாஹ்விடம் அழுது மன்றாடலாம். மனிதனுக்கு இழைத்த அநீதியை அந்த மனிதனிடமே தீர்த்தாக வேண்டும். இங்கே தீர்க்காவிட்டால் மறுமையில் நம் நன்மைகளைக் கொண்டு தீர்க்க நேரும். கடன் வாங்கல் கொடுக்கலில் இதை நாம் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறோம். மலையிலிருந்து இறங்கி வருபவரிடம்?

என் பாட்டனார் இப்பகுதியில் மலைச்சரக்குக் கடை வைத்திருந்தார். சாமை, புளி, கடுக்காய், தேன் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு சித்தேரி மலைமக்கள் வருவார்கள். அறுவடைக்கு முன்பே முன்பணம் கொடுத்துக் கடை சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். வள்ளத்தில் அளக்கும்போது கோபுரமாகக் குவித்து வாங்குவோம். விற்கும்போது தலையைத் தட்டி அளப்போம். அவர்கள் தேநீர் அருந்த ஓர் அலுமினியக் குவளை திண்ணை மாடத்தில் தனியாக இருந்தது. குடித்தபின் அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். ஐவேளைத் தொழுகை தவறாத வீடு எங்களுடையது. அக்குவளையை அங்கு வைத்தவர் யார் என்று எவரும் கேட்டதில்லை; சிறுவனாயிருந்த நானும் கேட்கவில்லை.

குவளையும் ஏரிக்கரையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது அந்தப் 18 பெண்களை அவமதிப்பதாகும். ஆனால் அவர்கள் அரூரில் அடைபட்டிருந்த இரவில் சுற்றுவட்டாரத்துக் கடைவீதிகள் எழுந்து கேட்காமல் போனதற்கும், அவர்களுக்கெனத் தனிக்குவளை வைத்துப் பழகிய மனத்துக்கும் தொடர்பில்லை என்றும் என்னால் சொல்ல இயலவில்லை. அந்நாட்களில் எங்கள் வீட்டில் கவலையோடு பேசப்பட்டது, கொடுத்த முன்பணம் திரும்புமா என்பதே.

‘இஸ்லாத்தில் சாதி இல்லை’ என்று நாம் விரைந்து சொல்லிவிடுகிறோம். மார்க்கத்தைப் பற்றிய உண்மை அது. நம்மைப் பற்றியும் அது உண்மைதானா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். ஒருவரை அவருடைய தாயின் பிறப்பைச் சொல்லி இழித்துப் பேசிய அபூதர் (ரலி) அவர்களை, அறியாமைக் காலத்தின் எச்சம் அவர்களிடம் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஈமானில் முந்தியவர்களுள் ஒருவர் அபூதர். அந்தக் கண்டிப்பை அவர்கள் மறுத்து வாதாடவில்லை. பிற்காலத்தில் தாம் உடுத்தியதையே தம் பணியாளுக்கும் உடுத்தினார்கள். காண்போர் வியந்து காரணம் கேட்கும் அளவுக்கு அது வெளிப்படையாக இருந்தது.

பாதிக்கப்பட்ட அப்பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து பெறவும் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அது அரசு தீர்க்க வேண்டிய கணக்கு. கடைவீதியின் கணக்கை எந்த நீதிமன்றமும் எழுதாது. நம் மாவட்டத்து ஜமாஅத்கள் செப்டம்பர் 29-ஐ ஒட்டி வரும் ஜும்ஆவில் வாச்சாத்தியைக் குறித்துப் பேசலாம். மலைச்சரக்கு வாங்கும் நம் வணிகர்களைக் கூட்டி, அளவையும் முன்பண வழக்கத்தையும் விசாரிக்கலாம். யாருக்கேனும் பழைய பாக்கி இருப்பதாகத் தெரிந்தால், அவர் இல்லாவிட்டாலும் அவருடைய மக்களிடம் சேர்க்கலாம்.

பாட்டனாரின் பழைய பேரேடுகள் இரண்டு என்னிடம் உள்ளன. மலையூர்களின் பெயரும், ஆளின் பெயரும், கொடுத்த முன்பணமும், வந்த சரக்கும் அவற்றில் வரிசையாக இருக்கின்றன. துல் கஅதாவில் அவற்றை எடுத்துக்கொண்டு சித்தேரிக்குப் போவதென்று நானும் என் சிறிய தந்தையாரும் முடிவு செய்திருக்கிறோம். அங்குள்ளவர்கள் எங்களை உட்காரச் சொல்வார்களா என்று தெரியவில்லை.