பெயின்ட் போகட்டும், விமானம் இருக்கட்டும்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களிடம் போய் "கெமிஸ்ட்ரி படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவன் தடுமாறுகிற ஒரு விஷயம் அவர்களுக்குக் கைப்பழக்கம். கச்சாப் பட்டு சொரசொரவென்று, பளபளப்பே இல்லாமல் இருக்கும். பட்டுப்புழு தன் இழையைச் சுற்றிப் பூசிவைத்த செரிசின் என்கிற பசைதான் காரணம். சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீரைக் கொதிக்கிற நிலைக்குக் கொஞ்சம் கீழே வைத்து நூலை முக்கி எடுத்தால் பசை கழன்றுவிடும். 100 கிலோ போட்டால் 75, 80 கிலோதான் திரும்ப வரும். சூடு குறைந்தால் பசை போகாது, சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சோடா கூடினாலோ நேரம் கூடினாலோ பசையோடு சேர்ந்து பட்டும் போகும். எங்கே நிறுத்துவது என்பதுதான் தொழிலே.

இந்தப் பட்டுக் கதை இப்போது எதற்கு என்றால், ஒரு ப்ளாஸ்டிக் விமானத்துக்காக. (சிரிக்க வேண்டாம், சம்பந்தம் இருக்கிறது.)

ஸ்கேல் மாடல் தெரியாதவர்களுக்காக: நிஜ விமானத்தை, கப்பலை, டாங்கியை ஒரே விகிதத்தில் சுருக்கி, பாகம் பாகமாக ப்ளாஸ்டிக்கில் வார்த்து அட்டைப் பெட்டியில் விற்பார்கள். வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்து வைக்க வேண்டும். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1950களில் மலிவு விலையில் விற்க ஆரம்பித்ததும் உலகம் முழுக்கப் பையன்களுக்கு இது பைத்தியமாகப் பரவியது. தமிழ்நாட்டில் இது எப்போதுமே சிறுபான்மைப் பைத்தியம்தான். ஆனாலும் சில வீட்டு ஷோகேஸ்களில் மரப்பாச்சிக்கும் தலையாட்டி பொம்மைக்கும் நடுவே மாமாவோ சித்தப்பாவோ ஒட்டிவைத்த ஒரு விமானம் தூசியோடு நிற்கும்.

அது ஒரு மிக்-21 என்று வைத்துக்கொள்வோம். 1963இல் இந்திய விமானப் படைக்கு வந்து, 2025 செப்டம்பரில் ஓய்வு கொடுக்கப்பட்ட அதே விமானம். 72இல் ஒரு பங்கு மாடல் என்றால் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். அதை ஒட்டியவர் ஹார்ட்வேர் கடையில் கதவு, ஜன்னலுக்கு விற்கிற எனாமல் பெயின்டை அப்படியே அடித்திருக்கிறார். ஒரு கோட் போதவில்லை என்று இரண்டு, அப்புறம் கலர் பிடிக்கவில்லை என்று மூன்று. இப்போது அந்த வீட்டுப் பையனுக்கு இதைச் சரிசெய்ய ஆசை.

மேலேயே இன்னொரு கோட் அடித்துவிட்டால் என்ன? அங்கேதான் கணக்கு உதைக்கிறது. 72இல் ஒரு பங்கு மாடலில் பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் தடிமன் ஏறினால், நிஜ விமானத்தின் மேல் 7.2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தார் பூசியதற்குச் சமம். மூன்று கோட்டில் தகடுகளின் இணைப்புக் கோடு, ஆணிப் புள்ளி, இறக்கையின் மடிப்பு எல்லாம் மூழ்கிவிடும். விமானம் போய், விமான வடிவத்தில் ஒரு சோப்புக் கட்டி மிஞ்சும். ஆகவே பழைய பெயின்டை எடுத்தே ஆக வேண்டும்.

பெயின்ட் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தின்னர். வண்டிக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிற கடையில் கிடைக்கிற தின்னரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் பெயின்ட் அற்புதமாக வரும். கூடவே இறக்கையும் வரும்! இந்த மாடல்களின் ப்ளாஸ்டிக் பாலிஸ்டைரீன். தின்னரில் இருக்கிற டொலுயீன், அசிட்டோன் வகையறா அதைக் கரைத்துவிடும். மாடல் ஒட்டுகிற பசையே இப்படி ப்ளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற திரவம்தான் எனும்போது தின்னர் வேறு என்ன செய்யும்? நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல், ஹார்ட்வேர் கடையின் பெயின்ட் ரிமூவர் எல்லாமே இதே கட்சி. சாதுவான டர்பன்டைனும் உதவாது. காய்ந்த எனாமல், வெறுமனே தண்ணீர் வற்றிய குழம்பு மாதிரி இல்லை. அதிலுள்ள எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து வலை மாதிரி பின்னிக்கொண்டு இறுகியிருக்கிறது. அந்த வலையை அறுக்கத்தான் ஆள் வேண்டும்.

அறுக்கிற ஆள், பட்டறைக்காரர்கள் கையாள்கிற சோடாவின் அண்ணன், காஸ்டிக் சோடா. பன்னிரண்டாம் வகுப்பு லேப் ரெக்கார்டில் சபானிஃபிகேஷன் என்று எழுதியது ஞாபகம் இருக்கிறதா? எண்ணெயைக் காரம் உடைத்துச் சோப்பாக்குகிற வேலை. எனாமலிலும் அதே எஸ்டர் பிணைப்புகள் இருப்பதால் காரம் அதை உடைத்து வழவழவென்று கழற்றிவிடும். பாலிஸ்டைரீனில் அந்தப் பிணைப்பே கிடையாது. வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். அதனால் காரம் அதைச் சீண்டுவதில்லை.

இப்போது பட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கை. ப்ளாஸ்டிக்குக்கு ஒன்றும் செய்யாத காஸ்டிக் சோடா, புரதமான பட்டைச் சூட்டில் கரைத்தே விடும். ப்ளாஸ்டிக்கைக் கூழாக்குகிற அசிட்டோன், பட்டு இழையைக் கரைப்பதில்லை. ஒருவனுக்கு மருந்து அடுத்தவனுக்கு விஷம், அப்படியே தலைகீழாக. ஆகவே 'எது பெயின்டை எடுக்கும்?' என்று கடையில் போய்க் கேட்பதே தப்பான கேள்வி. பெயின்டை எடுக்க ஆயிரம் சாமான் இருக்கிறது. அடியில் இருப்பதை எது விட்டுவைக்கும் என்பதுதான் கேள்வி. மாடல் செய்கிறவர்களில் பாதிப் பேர் முதல் கேள்வியோடு நின்றுவிடுவதால்தான் அத்தனை இறக்கைகள் உருகுகின்றன.

காஸ்டிக் சோடா விளையாட்டுச் சாமான் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போதே நன்றாகச் சூடேறும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அது அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். டை-காஸ்ட் பொம்மைக் காரையும் இதில் போடக் கூடாது, துத்தநாகக் கலவையையும் தின்னும். தங்கை, தம்பி கைக்கு எட்டுகிற வீட்டில் இதை மறந்துவிடுவதே நல்லது.

மறந்துவிட்டால் அடுத்த வழி மருந்துக் கடையில் இருக்கிறது: டெட்டால். தமாஷ் இல்லை. பிரிட்டனில் குட்டிப் போர்வீரர் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கிற கூட்டம் காலம் காலமாக நம்புகிற வைத்தியம் இது. அக்ரிலிக் பெயின்ட் என்றால் நன்றாகவே கேட்கும். மூடியுள்ள பாட்டிலில் டெட்டாலை ஊற்றி, மாடலை ஒரு நாள் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பெயின்ட் தோலாக உரிந்து வரும். அவசரப்பட்டு அப்போதே குழாயடியில் காட்டினால் போச்சு. தண்ணீர் பட்டதும் கரைந்த பெயின்ட் பிசினாகத் திரிந்து பள்ளத்திலெல்லாம் அப்பிக்கொள்ளும். புது டெட்டாலிலேயே அலசி, அழுக்கு முழுக்கப் போன பிறகுதான் சோப்புத் தண்ணீர். வீடு மூன்று நாளைக்கு ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் அக்ரிலிக்குக்குக் கேட்கும், அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது. மெக்கானிக் கடை பிரேக் ஆயிலைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். பெயின்டை எடுக்கும், ஆனால் சில ப்ளாஸ்டிக்குகளை மொறுமொறுப்பாக்கிவிடும், அப்புறம் அதை எங்கே கொட்டுவது என்கிற தலைவலி வேறு. விமானி உட்காருகிற இடத்துக் கண்ணாடி மூடியை எதில் முக்குவதற்கு முன்பும் கழற்றி வைத்துவிட வேண்டும். அது ஒருமுறை வெடிப்பு விட்டால் விட்டதுதான்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. மாடல் பெட்டியில் பாகங்கள் ஒரு ப்ளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்த பிறகு அந்தச் சட்டம் குப்பை. பொறுப்பான ஆட்கள் அதில் ஒரு துண்டை எடுத்துவைப்பார்கள். முதலில் அந்தத் துண்டு ஓர் இரவு ஊறும். காலையில் நகத்தால் கீறிப் பார்த்து, மெத்தென்று ஆகவில்லை என்றால்தான் விமானம் உள்ளே போகும். பழைய மாடலுக்குச் சட்டம் இல்லையென்றால், வெளியே தெரியாத அடிப்பக்கத்து மூலை.

ஒரு பொம்மைக்கு இத்தனை பத்தியமா என்று கேட்கிறவர்கள் கோயில் பக்கம் வர வேண்டும்.

தமிழ்நாட்டுக் கோயில்களில் கருங்கல் தூண்கள் மேல் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு, அதன் மேல் காவி, அதன் மேல் எனாமல், போதாக்குறைக்கு எண்ணெய்ப் பிசுக்கு. சிற்பத்தின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூக்கு மழுங்கி, கல்வெட்டு எழுத்து பாதி மூழ்கிக் கிடக்கும். மேலே சொன்ன சோப்புக் கட்டி விமானத்தின் அதே கதை. கும்பாபிஷேகம் வந்தால் சுத்தம் செய்தாக வேண்டும். அதற்காகப் பல கோயில்களில் மணல் வீச்சைக் கொண்டுவந்தார்கள். அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சி அடிப்பது, இரும்பில் துரு எடுக்கிற முறை. சுண்ணாம்பு பறந்தது, தூண் புதுசு மாதிரி ஆனது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் மணலுக்குச் சுண்ணாம்பு எது, சோழர் காலத்து எழுத்து எது என்று தெரியாது. உளி பட்ட வழவழப்பு போய்க் கல் சொரசொரப்பாகும், சில மில்லிமீட்டர் ஆழமே உள்ள எழுத்தின் விளிம்பு தேயும். தொல்லியல் அறிஞர்கள் கத்தினார்கள், அறநிலையத் துறையும் பிற்பாடு இந்த முறையைத் தடை செய்தது. தடைக்கு முன்னால் தேய்ந்த எழுத்து தேய்ந்ததுதான். பொம்மை விமானத்துக்கு ஒரு துண்டுப் ப்ளாஸ்டிக்கை ஓர் இரவு ஊறவைத்துப் பார்க்கிற பொறுமை, அந்தத் தூணுக்குக் கிடைக்கவில்லை. கோபப்பட வேண்டிய இடம் இதுதான். மணல் வீச்சுக்குச் செலவான காசில், மூங்கில் குச்சியும் நாரும் தண்ணீரும் பொறுமையும் உள்ள நான்கு பேரை எத்தனை மாதம் வேலைக்கு வைத்திருக்கலாம்!

ஆரணிக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஆரணிக்கும் போளூருக்கும் இடையே இருக்கிற திருமலைச் சமணக் கோயிலில், ராஜராஜனின் அக்கா குந்தவை பெயரால் குந்தவை ஜினாலயம் இருக்கிறது. பாறையில் செதுக்கிய நேமிநாதர், குகை அறைகளில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய பழைய ஓவியங்கள். அங்கே காப்பாற்ற வேண்டியதே பெயின்ட்தான். கருங்கல் தாங்குகிற வைத்தியத்தை அந்தச் சுவர் தாங்காது. எலுமிச்சம்பழம் மாதிரி சாதாரணப் புளிப்பு பட்டாலே சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். கையில் இருப்பது காரமா, அமிலமா, மணலா என்பதற்கு முன்னால் அடியில் இருப்பது கல்லா, காரையா என்று பார்த்தாக வேண்டும்.

சரி, அடியில் இருப்பது மட்டும்தான் முக்கியமா, மேலே இருப்பதெல்லாம் அழுக்கா? இதற்குத் தஞ்சாவூரில் ஒரு பதில் இருக்கிறது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடங்களில் அதற்கு அடியே சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். சோழர் ஓவியத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நாயக்கர் ஓவியத்தை எடுத்தாக வேண்டும். ஆனால் அதுவும் முந்நூறு, நானூறு வருஷப் பொக்கிஷம், சுரண்டிக் குப்பையில் கொட்ட முடியாது. இந்தியத் தொல்லியல் துறை வேதியியலாளர்கள் மேல் அடுக்கை அப்படியே பெயர்த்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகையில் ஏற்றினார்கள். சோழர் ஓவியம் சுவரில், நாயக்கர் ஓவியம் பலகையில். இரண்டும் இருக்கின்றன.

மாமாவின் மிக்-21க்கு இந்த வைத்தியம் முடியாது. ஆனால் அந்தத் தடிமனான பெயின்டும் சும்மா அழுக்கு இல்லை. பிரஷ் தடம் ஒன்று வாலில் கோணலாக ஓடுகிறது, மூவர்ண வட்டத்தைக் கையாலேயே வரைந்து பச்சை கொஞ்சம் வெளியே வழிந்திருக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் அந்தக் கோணல் தடம்தான் மிச்சமென்றால், அதை உரிப்பதா என்று பையன் ஒரு வாரம் யோசிப்பதில் தப்பே இல்லை. யோசித்து, உரிக்காமல் தூசி மட்டும் தட்டி வைத்தாலும் சரிதான். கடையில் வேறு மிக்-21 வாங்கி அதில் தன் கைவரிசையைக் காட்டிக்கொள்ளலாம். உரிப்பது என்று முடிவானால், முதலில் பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் போட்டோ, வால் தனியாக, வட்டம் தனியாக. அதன் பிறகு அடிப்பக்கத்து மூலையில் ஒரு சொட்டு டெட்டால் வைத்துவிட்டு, காலை வரைக்கும் தூங்கப் போகலாம்.