உள்ளே கரையும் எடைக்கல்

பார்சல் தராசைப் பற்றி நம் எல்லைக் குடும்பங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணிபுரிந்த நிலையம் ஒன்றில், வாழைக்குலை அனுப்ப வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, வீட்டில் நிறுத்தபோது இவ்வளவு இல்லையே" என்று வாதாடினார். நாம் தராசையே நம்பினோம். மறுநாள் முத்திரைக் கல்லை வைத்துப் பார்த்தபோதுதான், தராசு இரண்டு கிலோ மிகையாகக் காட்டுவது புலப்பட்டது.

இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்குள், 1,400 மீட்டர் பாறையின் அடியில், விஞ்ஞானிகளுக்கும் இதே கவலைதான். அண்டத்தின் கரும்பொருளைத் தேடி, 3.2 டன் செனான் வாயுவைக் கடுங்குளிரில் திரவமாக்கி ஒரு தொட்டியில் வைத்தனர். துகள் ஏதேனும் மோதினால் சிறு ஒளி மின்னும். ஒளிக்குழல்கள் அதைக் கணக்கிடும். இவ்வளவு ஒளி என்றால் எவ்வளவு ஆற்றல்? அதற்குத்தான் எடைக்கல் வேண்டும். ஆற்றல் தெரிந்த கதிரியக்கப் பொருளே அந்தக் கல்.

ஆனால் அதைத் தொட்டிக்கு வெளியே வைத்துப் பயனில்லை. திரவச் செனான் நீரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. கதிர்களை ஓரத்திலேயே விழுங்கிவிடும். ஆகவே கல்லையே உள்ளே கரைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அது மறைந்தும் போகவேண்டும்! இதற்கு உதவியது தோரியக் குடும்பம். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் நம் அண்டை மணவாளக்குறிச்சி மணலிற் கண்டறிந்த மோனசைட்டில் உள்ள அதே தோரியந்தான். (இத்தாலிக்குச் சென்றது நம் கரை மணல் என்று நாம் உரிமை கொண்டாடவில்லை, குலம் ஒன்று என்கிறோம், அவ்வளவே.) அதன் வழியில் பிறக்கும் தோரான் வாயு 56 வினாடியில் பாதியாகும். அதன் வழித்தோன்றலான ஈயம் திரவமெங்கும் பரவி, வேண்டிய சிறு மின்னல்களைத் தரும், அதுவும் 10.6 மணிக்கொருமுறை பாதியாகக் குறையும். ஒரு வாரத்தில் தொட்டி பழையபடி தூய்மையாகிவிடும்.

2020 ஜூனில் அக்குழுவினர் ஒரு விந்தையை அறிவித்தனர். மிகக் குறைந்த ஆற்றற் பகுதியில் 232 மின்னல்களை எதிர்பார்த்த இடத்தில் 285 தென்பட்டனவாம். சூரியனிலிருந்து வரும் புதுத் துகளோ, உள்ளே ஒளிந்திருந்த டிரிட்டியமோ என்று உலகமே விவாதித்தது. தராசு பிழையன்று என்று காட்ட அவர்களிடம் தோரானும் இருந்தது, ஆர்கான்-37 என்னும் மற்றொரு கல்லும் இருந்தது. 2022-இல், இன்னும் பெரிய, இன்னும் தூய தொட்டியில் தேடியபோது அந்த மிகை காணப்படவில்லை.

நம் வாழைக்குலைப் பெரியவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்தவர் என்று மட்டும் நினைவு. அவரை அறிந்த அன்பர்கள் இருப்பின் நமக்குத் தெரிவிக்கலாம். இரண்டு கிலோவின் கட்டணம் அவருக்குத் தரவேண்டியிருக்கிறது.